எடைக்கு எடை வெல்லம்

குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, என் கணவர் வலது காலைப் பக்கெட்டுக்குள் மெதுவாக இறக்கினார். பக்கெட்டில் விளிம்பு வரை தண்ணீர். பக்கெட்டுக்கு அடியில் ஓர் அகலமான பிளாஸ்டிக் தொட்டி, கைக்குழந்தைகளைக் குளிப்பாட்ட விற்கிறார்களே, அந்த மாதிரி.

“இன்னும் கொஞ்சம். கோடு வரைக்கும்” என்றேன்.

முழங்காலுக்குக் கீழே பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். கால் இறங்க இறங்கத் தண்ணீர் வழிந்து தொட்டியில் விழுந்தது.

“என்னடி இது, கோயில் யானைக்குக்கூட இவ்வளவு உபசாரம் பண்ணமாட்டா.”

“அசையாதீங்கோ. தளும்பினா கணக்கு தப்பாயிடும்.”

“சரிங்க டீச்சர்.”

கால் முடிந்ததும் பக்கெட்டை மறுபடி நிரப்பி, வலது கையை முழங்கை வரை விடச் சொன்னேன். அங்கேயும் ஒரு கோடு. வழிந்த தண்ணீரை இரண்டு தடவையும் பள்ளிக்கூடத்து அளவுச் சாடியில் ஊற்றிப் பார்த்தேன். அந்தக் கண்ணாடிச் சாடியைத் துவாலையில் சுற்றிக் கைப்பையில் வைத்து, பாலிகஞ்ச் பஸ்ஸில் யாரும் இடித்துவிடாமல் கொண்டுவந்திருந்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னாலும் இதையே செய்திருந்தேன். இப்போது காலுக்கு வழிந்தது அதிகம். நிறையவே அதிகம். கைக்கு வழிந்தது குறைவு.

“என்ன, பாஸா ஃபெயிலா?” என்று கேட்டார்.

“போய் காபி குடிங்கோ, வரேன்” என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்று காலை ஹாலில் இருந்த எடை மிஷின் அவர் எடை ஏறியிருக்கிறது என்று காட்டியிருந்தது. வீடே சந்தோஷமாக இருந்தது. நான் ஒருத்திதான் அழுதேன்.

விசாலம் அக்காவின் வேண்டுதல்

போன வாரம் என் முதல் வேலையைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் அதைத் தொடர்ந்து பள்ளிக்கூடத்துக் கதைதான் சொல்வதாக இருந்தேன். ஆனால் அளவுச் சாடி என்று எழுத உட்கார்ந்தால் பேனா இந்தக் குளியலறைக்குத்தான் வருகிறது. வரட்டும்.

என் கணவர் ராமநாதன் பாங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கட்டடத்து வங்காளிகளுக்கு அவர் ‘ராம்தா’, அதாவது ராம் அண்ணா. அவருக்கு வந்தது கல்லீரல் வியாதி. வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்தவர் இல்லை. யாரிடமாவது வியாதியின் பெயரைச் சொன்னால் போதும், அவர்கள் முகத்தில் ஒரு சின்னச் சந்தேகம் எட்டிப்பார்க்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடிக்காதவர்களுக்கும் வரும், கொழுப்பு சேர்ந்தும் வரும் என்று நின்ற இடத்தில் பாடம் நடத்துவேன். அவர் என் முந்தானையை இழுத்து, “விடு, குடிச்சேன்னே வச்சுக்கட்டும். கொஞ்சம் பெருமையாத்தான் இருக்கு” என்பார்.

அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆள் பாதியாகிப் போயிருந்தார். டாக்டர் போகிற போக்கில், “எடை ரொம்பக் குறைந்துவிட்டது. நன்றாகச் சாப்பிட வேண்டும், எடை ஏற வேண்டும்” என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் என் நாத்தனார் விசாலம் அக்கா. டாக்குரியாவில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். கணவர் காலமாகிவிட்டார், குழந்தைகள் இல்லை. அம்மா இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவருக்கு இந்த உலகத்தில் இருந்தது இந்த ஒரே தம்பிதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கண்ணை மூடிக் கைகூப்பினார். “அம்மா தாயே, இவன் பழைய எடைக்கு வந்துடணும். வந்தா எடைக்கு எடை வெல்லம் தரேன்.”

துலாபாரம் பலருக்கும் தெரிந்திருக்கும். தராசின் ஒரு தட்டில் ஆளை உட்கார வைப்பார்கள். இன்னொரு தட்டில் வெல்லமோ வாழைப்பழமோ நேர்ந்துகொண்டதை வைத்துக்கொண்டே போவார்கள். இரண்டும் சமமானதும் அந்தப் பொருள் கோயிலுக்குப் போய்விடும். நம் ஊர்க்காரர்கள் இங்கே நடத்தும் கோயிலிலும் அதற்கென்று ஒரு பெரிய தராசு உண்டு.

எல்லோரும் ‘உடம்பு சரியாக வேண்டும்’ என்று வேண்டிக்கொள்வார்கள். விசாலம் அக்கா ‘எடை வர வேண்டும்’ என்று வேண்டிக்கொண்டார். டாக்டர் வாயிலிருந்து வந்த வார்த்தை அதுதானே. அப்போது எனக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

அப்பாவின் லாக்டோமீட்டர்

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஏரிப்பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று அப்பாவுக்குச் சந்தேகம். எங்கிருந்தோ ஒரு லாக்டோமீட்டர் வாங்கி வந்தார். பாலில் போட்டால் மிதக்கும் கண்ணாடிக் குழாய் அது. தண்ணீர் கலந்த பாலில் அதிகமாக முங்கும், நல்ல பாலில் மேலே நிற்கும். தினமும் காலையில் பால்காரரை வாசலில் நிறுத்திவைத்து அதைப் போட்டுப் பார்ப்பார். தினமும் அது சரியான கோட்டிலேயே நிற்கும். பால்காரர் பணிவாகச் சிரித்துவிட்டுப் போவார்.

அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. “கருவி சரிங்கறது. தயிர் தண்ணியா ஓடறதே, அதுக்கு என்ன சொல்றேள்?”

“உனக்கு உறை ஊத்தத் தெரியலை.”

பிறகு காலேஜில் பிசிக்ஸ் படித்தபோதுதான் சூட்சுமம் புரிந்தது. பாலேடு பாலைவிட லேசு. ஏட்டை எடுத்துவிட்டால் மிச்சப் பாலின் அடர்த்தி கூடிவிடும். கூடிய அளவுக்குத் தண்ணீரை ஊற்றினால் கருவி பழைய கோட்டுக்கே வந்து நிற்கும். ஏடும் போச்சு, பாலும் போச்சு, கோடு மட்டும் சரியாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் உற்சாகமாக விளக்கினேன். அவர் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

தொப்பை வந்தது

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் விசாலம் அக்கா ஒரு டிஜிட்டல் எடை மிஷின் வாங்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்குரியாவிலிருந்து வருவார். தம்பி அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். அக்கா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து படிப்பார்.

முதலில் ஒன்றும் நகரவில்லை. பங்குனி வெயில் ஏறியபோது எடையும் ஏற ஆரம்பித்தது. வாரா வாரம் ஏறியது. அக்கா கைபேசியில் பெங்களூர், சென்னை, திருச்சி என்று உறவுக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிடுவார்.

மாடி வீட்டு ஷிப்ரா போவ்தி (போவ்தி என்றால் மன்னி) அவரைப் படிக்கட்டில் பார்த்துக் கைதட்டினாள். “ராம்தா, பூடி ஹோயே கேச்சே!” தொப்பை வந்துவிட்டதாம். வங்காளிகளுக்குப் பூடி என்றால் சாப்பாடும் சௌக்கியமும் உள்ள மனுஷன் என்று அர்த்தம். கட்டடமே அவர் வயிற்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது.

அவரும் சந்தோஷப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன் நின்று, “பாத்தியா, பழைய ராமநாதன் வந்துட்டான்” என்றார்.

நான் பார்த்தது வேறு. தொப்பை வந்தவருக்குக் கன்னம் வரவில்லை. கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரை ஓடியது. செருப்பு வாரோ கால் மேல் ஆழமாகத் தடம் பதித்தது. ஒரே ஆளுக்குக் கடிகாரம் தளர்ந்து செருப்பு இறுகினால் அது எப்படித் தேறினதாகும்?

ஏழாம் வகுப்பில் வருஷா வருஷம் நான் நடத்தும் பாடம் இது. கல்லை நூலில் கட்டித் தண்ணீரில் இறக்கு. வழிகிற தண்ணீர்தான் கல்லின் கன அளவு. தராசு நிறையைச் சொல்லும். எந்தப் பொருள் என்று தெரிய இரண்டும் வேண்டும், இரண்டையும் வகுத்துப் பார்க்க வேண்டும். நிறையை மட்டும் வைத்துக்கொண்டு இரும்பா மரமா என்று சொன்ன பிள்ளைகளுக்கு நான் மார்க் போட்டதே இல்லை.

அதனால்தான் பக்கெட்டும் சாடியும். கை கரைந்துகொண்டிருந்தது, கால் ஊறிக்கொண்டிருந்தது. சதை தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். சதை போன இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்தால் வீட்டு மிஷின் என்ன செய்யும்? கூட்டித்தான் காட்டும். அது பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னது.

டாக்டரின் கட்டைவிரல்

தனியாக டாக்டரைப் பார்க்கப் போனேன். அவர் பொறுமையான இளைஞர். நான் சொன்ன அளவுகளைக் கேட்டுவிட்டு, “வீட்டிலேயே செய்தீர்களா?” என்று ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். மறுநாள் என் கணவரையும் அழைத்து வரச் சொன்னார். போனதும் இவர் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தார். குழி அப்படியே நின்றது, மாவில் விரல் பதித்த மாதிரி.

அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் என்னிடம் பேசினார். வயிற்றிலும் தண்ணீர். ஊசி குத்தி இறக்கலாம். மறுபடி சேரும். மறுபடி இறக்கலாம்.

“எத்தனை தடவை?” என்றேன்.

அவர் சீட்டைப் புரட்டினார். “உப்பு சேர்க்கிறீர்களா?” என்று கேட்டார்.

மாதக்கணக்காக உப்பில்லாமல்தான் சமைக்கிறேன் என்றேன். சொன்னேனே தவிர, மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். அவர் கட்டிலுக்கு அருகில், மடித்த பழைய பேப்பர்களுக்குப் பின்னால் ஒரு ஜாடி இருந்தது. உப்பில் ஊறவைத்துக் காயவைத்த நார்த்தங்காய். விசாலம் அக்கா கைப்பக்குவம்.

“நாக்கு செத்துப்போச்சுன்னு சொன்னேன், கொண்டு வந்தா” என்றார் என் கணவர், திருட்டு முழியுடன். “அதைத் தொட்டுண்டா ரெண்டு பிடி தயிர்சாதம் கூடவே போறது. அவளுக்குச் சந்தோஷம்.”

ரெண்டு பிடி கூடப் போனது. உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்தது. எடை ஏறியது. எடை ஏறியதைப் பார்த்து அக்கா இன்னொரு ஜாடி கொண்டுவந்தார். அந்த அன்பை என்னவென்று திட்டுவது?

டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். “அது இல்லாவிட்டாலும் வந்திருக்கும் அம்மா, கொஞ்சம் தாமதமாக” என்றார். ஜாடியைத் துடைத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அக்காவிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவர் இப்போது இல்லை, அதனால் எழுத முடிகிறது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மிஷின் பழைய எடையைக் காட்டியதும் துலாபாரத்துக்கு அக்கா நாள் குறித்திருந்தது அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை.

“வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அழைத்துப் போகலாமா?” என்று கேட்டேன்.

“போகலாம்” என்றார். பிறகு, “இதெல்லாம் செய்ய ஆசைப்பட்டால் இப்போதே செய்துவிடுங்கள்” என்றார். அதற்கு மேல் எனக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வருஷத்து துர்கா பூஜைப் பந்தல்களை அவர் பார்க்கவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லத் தெம்பு இருக்காது.

தராசு

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கரியாஹாட்டில் முழங்கால் தண்ணீர் என்று சுற்று வழியாகக் கோயிலுக்குப் போனோம்.

வெல்லம் நம் ஊர் மளிகைக்கடையிலிருந்து மூட்டையாக வந்து இறங்கியிருந்தது. இந்த ஊரில் கிடைக்கும் ஈச்ச வெல்லம் எவ்வளவுதான் மணந்தாலும் சாமிக்குக் கரும்பு வெல்லம்தான் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உருண்டை உருண்டையாக, ஈரக்காற்றில் லேசாகக் கசிந்துகொண்டிருந்தது.

உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கிய தட்டில் அவரைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தார்கள். புது வேட்டி, நெற்றியில் விபூதி. சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஊஞ்சலில் உட்கார்ந்த குழந்தை போல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

குருக்கள் முதல் உருண்டையை வைத்தார். பிறகு அக்கா. பிறகு ஷிப்ரா போவ்தி. அவளும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிறகு நான். வைக்க வைக்கத் தட்டு அசையவே இல்லை. கொண்டுவந்த மூட்டை தீரும் நிலைக்கு வந்துவிட்டது. கடைக்காரர் இன்னொரு சாக்கை அவிழ்த்தார்.

“வை, வை, இன்னும் வை” என்றார் அக்கா. கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. “எவ்வளவு கனம் பாருடி எங்காத்துப் பிள்ளை! போன தை மாசம் தூக்கினா காத்தா இருந்தான்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாமிமேல் எனக்கு அப்போது வந்த கோபத்தைச் சொல்லவேண்டும். நாங்கள் எடையைக் கேட்டோம், எடையைக் கொடுத்திருக்கிறாய். ஒரு குண்டுமணி குறைக்கவில்லை. இப்படி வார்த்தைக்கு வார்த்தை கேட்டுக் கொடுக்க ஒரு தெய்வம் எதற்கு? எங்கள் வீட்டு மிஷின் போதாதா?

தட்டு மெதுவாகக் கிளம்பியது. அவர் தரையை விட்டு எழும்பினார்.

“ஜெயா, நீ சயன்ஸ் டீச்சர். முள்ளைப் பாரு, நேரா நிக்கறதா?”

“நேரா நிக்கறது அக்கா.”

“எடை சரியா வந்துடுத்தா?”

“சரியா வந்துடுத்து” என்றேன். மணி அடித்தார்கள். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு விம்மினார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைக் கட்டிக்கொண்டது அது ஒரு தடவைதான்.

வீடு திரும்பும் வழி

அக்காவை டாக்குரியாவில் இறக்கிவிட்டோம். குடையை விரிக்கக்கூட மறந்து, மழையில் நின்று தம்பிக்குக் கை ஆட்டினார். டாக்ஸி பாலிகஞ்ச் பக்கம் திரும்பியது. சிக்னலில் நின்றோம். கண்ணாடி பூராவும் ஆவி படர்ந்திருந்தது.

“ஜெயா.”

“என்னன்னா?”

“அந்த வெல்லத்துல நான் எவ்வளவு?”

என்ன கேட்கிறார் என்று புரியாத மாதிரி இருந்திருக்கலாம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்போ தெரிஞ்சது?” என்றேன்.

“என் உடம்பு. எனக்குத் தெரியாதா? அக்கா மூஞ்சியைப் பாத்தா சொல்ல வரலை. நீ சொல்லு. நீ அளந்தவ.”

சொன்னேன். முதலில் வைத்ததெல்லாம் நீங்கள். கடைசியில் அவிழ்த்தார்களே ஒரு சாக்கு, அது தண்ணீர். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே குரலில்தான் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். பாங்கில் யாராவது விளக்கம் சொன்னால் கேட்டுக்கொள்வாரே, அந்த மாதிரி.

“திங்கட்கிழமை அந்தத் தண்ணியை எடுத்துடுவாளா?”

“எடுத்துடுவா.”

சிக்னல் விழுந்தது. வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நகர்ந்தது. வீட்டுச் சந்து வரும் சமயத்தில் என் பக்கம் திரும்பினார்.

“எடுத்தப்பறம் மிச்சம் இருக்கறது போதுமா ஜெயா?”

எதற்குப் போதுமா என்று கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் அளந்த அந்தக் கையை எடுத்து என் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டேன்.

“எனக்குப் போதும்” என்றேன்.